நான்கில் ஒரு பங்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் படுத்துக்கொள்ளாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குத் தூங்கி எழுந்து உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். ஃபோன் கையில் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தைத் தேடிப்போனாள் என்று நினைப்பாய். ஃபோனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார், அவர் எதிரில் இந்த விஷயத்தை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார். அதனால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வாங்க ஆள் வராத மதிய நேரமாகப் பார்த்து, எங்கள் லேப் கவுன்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து அங்கங்கே இழுத்துக்கொண்டு போயிருந்தால் உள்ளே ஊசிக்குப் பயந்து அலறும் பிள்ளைகளைத்தான் திட்ட வேண்டும். வீட்டுச் செய்தி என்று பார்த்தால் சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லியே வருஷத்தை ஓட்டிவிடுவார் போலிருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, நடக்கச் சொன்னால் வலிக்கிறது என்கிறார், உட்காரச் சொன்னால் அதற்கும் வலிக்கிறது என்கிறார். எதிர் வீட்டு டீச்சர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

போன வாரம் உன் ஆபீஸ் பிள்ளைகளோடு சாப்பிடப் போன கதையைச் சொன்னாய். நீ ஒரு சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டாய், மற்றவர்கள் ஆளுக்கு நாலு வகை வாங்கித் தின்றார்கள், பில் வந்ததும் எல்லாரும் சமமாகப் போடலாம் என்றார்கள், நீ வாயைத் திறந்ததும் முகங்கள் சுண்டிப்போயின, டிப்ஸ் எவ்வளவு என்பதில் இன்னொரு பஞ்சாயத்து. நம்ம வீட்டுல மட்டும் எப்படிம்மா சண்டையே வராம பிரிச்சீங்க என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன், நீயும் கவனித்திருப்பாய், நீ என்ன என் வயிற்றில் பிறக்காதவளா. அதற்கான பதிலைத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நம் வீட்டுக் கணக்கு உனக்கே தெரியும். பெரியப்பா, அப்பா, அத்தை, கடைக்குட்டியான சித்தப்பா என்று நாலு பேர், நாலு பங்கு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து ஹோட்டலுக்குப் போவோம், யார் என்ன தின்றார்கள் என்ற பேச்சே கிடையாது, கணக்குப்புலியான உன் அப்பா பில்லை நாலாக வகுத்து, ஒவ்வொரு பங்கையும் கொஞ்சம் மேலே ஏற்றி முழுசாக்கிச் சொல்வார், நாலு பேரும் பில் அட்டையில் வைப்பார்கள், அப்படி ஏற்றியதில் மிஞ்சுவது சர்வருக்கு டிப்ஸ். கேட்கும்போது எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பார். ஆனால் பெரியப்பா வீட்டில் மருமகளோடு சேர்த்து நாலு வாய், அத்தை வீட்டில் மாமாவே இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவார், நாங்கள் இருவர், சித்தப்பா ஒண்டிக்கட்டை. ஒரு சாதமும் ஒரு குழம்பும் தின்றுவிட்டு அவனும் அதே கால் பங்கை எடுத்து வைப்பான். (சித்தப்பாவை அவன் இவன் என்கிறேன் என்று முறைக்காதே, நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அரை டிராயரோடு என் பின்னாலேயே சுற்றிய பிள்ளை, எனக்கு அவன் என்றைக்கும் அவன்தான்.) இது நியாயமாப் படுதா என்று அப்பாவிடம் ஒருதடவை கேட்டேன், அவனே கேக்கல, உனக்கு என்ன வந்துச்சு என்றார். நம் வீட்டில் சண்டை வராத ரகசியம் இதுதான்டி, ஒருவன் வாயைத் திறக்கவே இல்லை.

இந்தமுறை பெரியப்பாவின் பிறந்தநாளுக்குப் போவதாக இருந்தது. வழக்கமாகப் போகும் ஹோட்டலில் ரிப்பேர் வேலை நடக்கிறது என்று பூட்டிவிட்டார்கள், பெரியப்பா யாரிடமோ விசாரித்துப் பெரிய இடமாக ஒன்றைப் பிடித்தார், கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பது அவருக்காகவே சொன்னது, பெரிய இடத்தில் உட்கார வேண்டும், ஆனால் பில் மட்டும் நாலாகப் பிரிய வேண்டும். காலையில் சித்தப்பா ஃபோன் செய்து, அச்சாபீசில் அவசர வேலை, வர முடியாது, நீங்க போய்ட்டு வாங்க என்றான். இத்தனை வருஷத்தில் அவன் வராமல் போனது அதுதான் முதல் தடவை. எந்த ஹோட்டல் என்று அவனும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை, எங்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. போய் உட்கார்ந்தோம், மேலே விசிறி இல்லை, ஏசி, கால் வைத்தால் வழுக்கும் தரை, கண்ணாடித் தம்ளருக்குள் மடித்துச் செருகிய துணி. மெனு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்து நின்ற சர்வர், கறுப்பு அரைக்கோட்டும் நெஞ்சில் நம்பர் வில்லையுமாக, நம் சித்தப்பா.

அச்சாபீசில் ஆளைக் குறைத்ததில் அவனுக்கு வேலை போய் ரொம்ப நாளாகிவிட்டது, அவன் யாருக்கும் சொல்லவில்லை, இது எல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் முகம் ஒரு கணம் வெளுத்து, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஆனதுதான். அத்தை டேய் என்று ஆரம்பித்தாள், பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார், அவன் குனிந்து, வாங்க சார், வாங்க மேடம், முதல்ல என்ன கொண்டு வரட்டும் என்றான். மேடம் என்று அவன் என்னைத்தான் பார்த்துச் சொன்னான். அப்போதாவது ஒருவர் எழுந்து, இவன் எங்க வீட்டுப் பிள்ளைங்க என்று சொல்லியிருக்கலாம். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, என்ன ஸ்பெஷல் இருக்கு என்று கேட்டார். அவ்வளவுதான், நாடகம் தொடங்கிவிட்டது, அவன் சர்வராக நடித்தான், நாங்கள் வாடிக்கையாளராக நடித்தோம். நடிப்பு என்று சொல்வதுகூடத் தப்பு, இரண்டுமே உண்மையாகத்தானே இருந்தது. அப்பாவுக்கு உப்புக் குறைவாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தான். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. மாமா மட்டும் கூச்சப்படாமல் இன்னொரு மீன் கேட்டார், அதையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேற ஏதாவது வேணுமா சார் என்றான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், அத்தைக்கு உதடு துடித்தது, அவ்வளவுதான். நானும் கைப்பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பில் வந்ததும் குசுகுசு என்று ஒரு சண்டை. சொந்தத் தம்பிக்கு நிறைய டிப்ஸ் வைக்கணும், நாலு பேர் பார்ப்பாங்க என்றார் பெரியப்பா. கூடப்பிறந்தவனுக்கு டிப்ஸ் வைக்கறதா, அதைவிட அவன் கன்னத்துல அறைஞ்சுட்டுப் போங்க என்றாள் அத்தை. வைக்காம போனா அந்தச் சூப்பர்வைசர் அவனைத்தானே முறைப்பார், சரியாக் கவனிக்கலன்னு நினைப்பார் என்றார் பெரியம்மா. அவன் இரண்டு மேசை தள்ளிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான், காதில் விழுந்ததோ இல்லையோ எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு எப்படியாவது அங்கிருந்து எழுந்தால் போதும் என்றாகிவிட்டது. எதுக்குப் பேச்சு, எப்பவும் போலவே செஞ்சிடலாம் என்று சொல்லி, வழக்கம்போல மனக்கணக்காகப் போட்டு, வழக்கம்போல மேலே ஏற்றித் தொகையைச் சொன்னார். பெரியப்பா வைத்தார், அப்பா வைத்தார், மாமா வைத்தார். அட்டையை மூடிவிட்டு எழுந்தோம். அத்தை போகிற போக்கில் மடித்த நோட்டு ஒன்றைத் தம்ளருக்கு அடியில் செருகினாள். தேங்க் யூ சார், மறுபடி வாங்க என்ற அவன் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வெளியே வந்து அவரவர் வண்டியில் ஏறினோம்.

மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போகப் பர்ஸைத் திறந்து மிச்சத்தை எண்ணிய அப்பா அப்படியே நின்றுவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும், இந்தப் புலிக்குச் சறுக்கியது அன்றைக்குத்தான். எப்பவும் போலவே என்று சொன்ன வாய் எப்பவும் போலவே நாலாக வகுத்திருக்கிறது, வைத்தவர்கள் மூன்று பேர். பில்லில் கிட்டத்தட்டக் கால்வாசி குறைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறோம், அதுவும் அவன் கவனித்த மேசையில். மாமாவுக்கோ பெரியப்பாவுக்கோ எனக்கோகூட அது தோன்றவில்லை, தலையைக் குனிந்துகொண்டிருந்தவர்களுக்கு எது தோன்றும். அப்பா உடனே பெரியப்பாவுக்கு ஃபோன் செய்தார். அவன் சமாளிச்சிருப்பான்டா, இப்ப போய் நின்னா அவனுக்குத்தான் இன்னும் அவமானம், கொஞ்சம் ஆறட்டும் என்றார் அவர். அத்தை அழுதாள், மாமா ஃபோனை வாங்கி, வேலை போனதை மறைச்சது அவன் தப்பு இல்லையா என்று ஒரு கேள்வி கேட்டு வைத்தார். அப்பாவும் இன்று போகிறேன் நாளை போகிறேன் என்று முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை, அந்தக் கால் பங்கை எடுத்துக்கொண்டு லேப்பில் லீவு சொல்லிவிட்டு நானே போனேன்.

கூட்டம் அடங்கிய நேரம், மேசைத் துணிகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவனைக் காணோம். அதே சூப்பர்வைசர்தான் இருந்தார், மரியாதையாகத்தான் பேசினார். அன்னைக்கு அந்த மேசையில பில் குறைஞ்சுது மேடம், எங்க ரூல் என்னன்னா மேசையைப் பாக்கிறவர்தான் பொறுப்பு, ஓடிப் போய்க் கூப்பிடுன்னு சொன்னேன், நகரவே இல்ல, தெரிஞ்சவங்களான்னு கேட்டேன், தெரியாதுன்னுட்டார் என்றார். அவன் பில் அட்டையை ஓரமாகக் கொண்டுபோய்த் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றதைக் கேமராவில் பார்த்தார்களாம். புதிதாகச் சேர்ந்த ஆள், பணத்தை எடுத்திருப்பான் என்று முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்க அண்ணனுங்க தெரியாம குறைச்சு வெச்சுட்டாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஃபோனைப் போட்டு அன்றே முடித்திருக்கலாம். அவன் சொன்னது, என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க என்பது மட்டும். பிடித்துக்கொண்டார்கள், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். அத்தை செருகின நோட்டு பொது டிப்ஸ் டப்பாவுக்குப் போனதாம், அங்கே சர்வர், சமையல் ஆள், பாத்திரம் கழுவுகிறவர் எல்லாருக்கும் வாரக் கடைசியில் பங்கு பிரிப்பார்களாம், பிரிக்கிற அன்றைக்கு அவன் அங்கே இல்லை. நான் கொண்டுபோன பணத்தை நீட்டினேன், அந்தக் கணக்கு முடிஞ்சுடுச்சு மேடம், வாங்க முடியாது என்றார். நாங்க அவன் குடும்பங்க என்றேன். அப்படின்னா அவர் ஏன் சொல்லல என்று கேட்டார்.

வாசலில் நின்றே அவனுக்கு ஃபோன் போட்டேன், எடுத்தான். குரலில் ஒரு வருத்தமும் இல்லை, அதுதான் என்னை ஏமாற்றியது. நீங்க ஏன் அண்ணி அங்கெல்லாம் போனீங்க என்றான். பிறகு அவனே சொன்னான். அட்டையைத் திறந்து பாத்ததும் முதல்ல கோவம்தான் வந்துச்சு அண்ணி, அப்புறம் ஒரு பங்கு எவ்வளவுன்னு எண்ணிப் பாத்தேன், சின்னண்ணன் நாலா வகுத்திருக்கார்னு புரிஞ்சுது, சர்வரா நின்னாலும் என்னை வெளியாளா ஆக்கல, நாலுல ஒருத்தனாத்தான் வெச்சிருக்காங்க, என் பங்கை நான்தானே கட்டணும், கட்டிட்டேன், வேலை போனா இன்னொண்ணு கிடைக்கும் என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான்டி. நான் ஒரு மடச்சி, அவன் எங்களைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்கிற பதைப்பில், ஐயோ இல்லப்பா, உன்கிட்டக் காசு பிடுங்கணும்னு யாரும் நினைக்கல, சின்னண்ணன் பழக்கத்துல வகுத்துட்டார், யாருக்கும் உன் நினைப்பே வரல, சத்தியமாத் தெரியாம நடந்தது என்று படபடவென்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அப்படியா அண்ணி என்றான். சரி அண்ணி வெச்சிடறேன் என்றான். அதற்குப் பிறகு எங்கள் யாருடைய ஃபோனையும் அவன் எடுக்கவில்லை.

அன்று சாயந்திரமே அப்பா முழங்காலையும் பார்க்காமல் அவன் அறைக்குப் போய் மாடிப்படி ஏறினார். வாடகையைத் தீர்த்துவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு இப்போதுதான் போனார் என்றாராம் வீட்டுக்காரர், எங்கே என்று சொல்லவில்லையாம். பழைய அச்சாபீசில் விசாரித்தோம், அவனுக்குத் தெரிந்த பைண்டர் ஒருவரைப் பிடித்துக் கேட்டோம், யாருக்கும் தெரியவில்லை. சாப்பாட்டுக் கடை வழியாகப் போகும்போதெல்லாம் அப்பா உள்ளே எட்டிப் பார்க்கிறார், பில் போடுகிற இடத்தில், பரிமாறுகிற இடத்தில், ஒரு தடவை சமையலறைக்குள்ளேயே போய்விட்டார், விரட்டிவிட்டார்கள். இப்போது காய்கறிக்காரரிடம்கூட அவர் கணக்குப் பார்ப்பதில்லை, பர்ஸை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிறார். அந்தக் கால் பங்குப் பணத்தை நான் அவர் சட்டைப்பையில் வைத்தேன், எந்தச் சட்டையைப் போட்டாலும் அதை அந்தப் பைக்கு மாற்றிக்கொள்கிறார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, இப்போது பார்க்கிறேன், அதைவிடப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

நேற்றுப் பெரியப்பா ஃபோன் செய்தார். பழைய ஹோட்டலில் வேலை முடிந்து திறந்துவிட்டார்களாம். நடந்தது நடந்துபோச்சு, அவன் கோவம் தணிஞ்சு வரும்போது வரட்டும், இனிமே பில்லை மூணா வகுத்துக்கலாம், டிப்ஸைத் தனியா வெச்சிடலாம், அப்பக் குழப்பமே வராது என்றார். அப்பா ஃபோனை என்னிடம் நீட்டினார். மூணா வேணாம், ரெண்டா வகுத்துக்குங்க, நாங்க வரல என்று சொல்லி வைத்துவிட்டேன். பெரியவர் என்ற மரியாதை கெட்டுப்போனால் போகட்டும், எனக்கு அதற்குமேல் வாய் அடங்கவில்லை.

நீ கேட்ட கேள்விக்கு என் பதில் ரொம்பப் பெரிசாக ஒன்றுமில்லை. தின்றதற்குத் தின்றவர்கள் கொடுப்பதுதான் நியாயம், அதைச் சொன்னதற்காக நீ வெட்கப்படாதே, முகம் சுண்டினால் சுண்டட்டும். உன் கூட்டத்தில் எவளாவது பில் வரும்போது பேசாமல் பணத்தை எடுத்து வைத்தால், அவள் தட்டில் என்ன இருந்தது என்று ஒருதடவை பார். டிப்ஸ் வைத்தால் தம்ளருக்கு அடியில் செருகாமல் முகத்தைப் பார்த்துக் கையில் கொடு, அதைப் பங்கு போடுகிறவர்கள் அதற்கப்புறம் போட்டுக்கொள்வார்கள்.

உனக்கு ஒரு குறையும் வராமல், நல்ல மனிதர்கள் நடுவில், நீண்ட ஆயுசோடு நீ இருக்க வேண்டும், அப்பாவும் நானும் தினமும் வேண்டிக்கொள்வது இதைத்தான். மழையில் நனைந்துவிட்டு ஈரத் தலையோடு தூங்காதே. கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ சித்தப்பாவுக்கு ஃபோன் போடு, உன் நம்பரைப் பார்த்தால் அவன் எடுப்பான், உன்னிடம் அவனுக்குக் கோபம் இருக்க நியாயமில்லை. ஒருதடவையில் எடுக்காவிட்டால் விடாதே. எடுத்தால் பில் பற்றியோ பணம் பற்றியோ அப்பா அழுவது பற்றியோ பேசாதே, தெரிந்து வைத்தார்களா தெரியாமல் வைத்தார்களா என்ற பேச்சே வேண்டாம், அதைப் பேசி நான் கெடுத்தது போதும். சித்தப்பா சாப்டீங்களா என்று மட்டும் கேள். அன்றைக்கு அத்தனை நேரம் எங்களுக்குப் பரிமாறிக்கொண்டு நின்றான், அந்த மேசையில் ஒருவர்கூட அவனை அதைக் கேட்கவில்லை.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா